பாவாயியின் பின்னால் வந்த கரடு

கரடு, அதாவது அந்தச் சின்னப் பாறைக்குன்று, நிஜமாகவே நகர்ந்ததா என்று கதையின் நடுவில் யாரும் கேட்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகர்ந்தது. பட்டப்பகலில், ஊர் பார்த்திருக்க, ஆடுகள் அதன் மேல் மேய்ந்தபடியே இருக்க நகர்ந்தது. இது ஏதூரில் நடந்தது.

ஏது என்றால் காரணம். காரணத்துக்காகவே கட்டிய ஊர் அது. அதைக் கட்டியவர்கள் அதற்கு முன்பு வேறோர் ஊரில் இருந்தவர்கள். கோபம் வந்தால் குடிசையைக் கொளுத்துகிற, கனவில் வந்தது என்று ஆளைக் காவு கொடுக்கிற, யாரோ சொன்னார்கள் என்று யாரையோ அடித்துத் துரத்துகிற அந்த ஊரில் பட்டதெல்லாம் போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, வாய்க்காலை ஒட்டிய ஒரு மேட்டில் வந்து நின்று, இனி நம்மில் யாரும் காரணம் இல்லாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தவர்கள். நல்ல முடிவுதான், அதையும் சொல்ல வேண்டும். ஏதூரில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஒருவர் பட்டினி கிடப்பதற்கு எந்தக் காரணத்தையும் யாராலும் காட்ட முடியவில்லை. யாரும் யாரிடமும் என்ன சாதி என்று கேட்கவில்லை, கேட்பதற்குக் காரணம் தேடிப் பார்த்து, கிடைக்காமல், அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். பெண் பிள்ளைகள் பையன்கள் படித்த அளவுக்குப் படித்தார்கள்.

ஆனால் ஊஞ்சல் போயிற்று, ஆடி ஆடிக் கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே இறங்க வேண்டியிருக்கிறதே என்று. தலையில் பூ வைப்பது போயிற்று. பிறகு, பூவாசத்துக்குப் பேன் அண்டாது என்று ஒருத்தி நிரூபித்ததில் திரும்பி வந்தது, வந்தாலும் பேன் உள்ளவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வந்ததால், மல்லிகை வைத்துக்கொண்டு போகிறவளைக் கண்டு மற்றவர்கள் நாலடி தள்ளி நடந்தார்கள். கோலம் எறும்புக்குத் தீனி என்ற வகையில் நிலைத்தது, எறும்புக்குப் புள்ளியும் கம்பியும் எதற்கு என்று அடுத்த கேள்வி வந்ததும், பெண்கள் வாசலில் ஒரு பிடி மாவைக் கொட்டிவிட்டு உள்ளே போனார்கள். பிள்ளையார் மட்டும் பிழைத்தார். மேட்டு மண் சரியாமல் அண்டைகொடுக்கும் கல் என்று அவருக்குக் காரணம் எழுதிக் கொடுத்தவர்கள் நல்ல மனசுக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்து ஊர்களில் யாரை யார் கூப்பிட்டாலும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற ஊர்களில் அது வெறும் கூப்பாடு, ஏதூரில் அது கேள்வி. ஒவ்வொரு வீதிக்கும் ஒரு ஏன்காரர் உண்டு. அவர் யாரையும் எந்த இடத்திலும் நிறுத்தி, ஏன் என்று கேட்கலாம், கேட்கப்பட்டவர் நின்று, ஏனென்றால் என்று தொடங்கிப் பதில் சொல்ல வேண்டும். பதிலில் குறை இருந்தால் விஷயம் ஊர் மன்றத்துக்குப் போகும். அடி கிடையாது, சிறை கிடையாது, அதட்டல்கூடக் கிடையாது. உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பேசி, நீங்கள் செய்தது ஏன் தேவையில்லாதது என்று உங்கள் வாயாலேயே சொல்லவைத்து அனுப்புவார்கள்.

மில் வீதியின் ஏன்காரர் நாச்சிமுத்து. அந்த வீதியில் மாவு மில் வைத்திருந்த பாவாயி அவருடைய மனைவி. மன்றம் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் அது. பாவாயியின் அப்பா செத்த பிறகு மில்லை அவளே ஓட்டினாள், மில்லில் நாளெல்லாம் இரைச்சல், நாச்சிமுத்துவுக்கு ஒரு காது மந்தம், ஆகவே அந்த வீட்டில் குடியிருக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று ஒரே அமர்வில் தீர்ந்துபோனது. சண்டை சச்சரவு இல்லாத குடித்தனம். பிள்ளை இல்லை. பாவாயி தலையெல்லாம் மாவாகி, புருவமெல்லாம் மாவாகி, நாற்பது வயசிலேயே எழுபது வயசுக்காரிபோல வீதியில் நடந்து வருவாள், முகம் கழுவினால் முப்பது வயசுக்கு இறங்கிவிடுவாள்.

ஒருநாள் மில்லின் பெல்ட் அறுந்துபோனது. புதுப் பெல்ட் வரும்வரை வேலை இல்லாததால் அவள் அன்று சாயங்காலம் ஊருக்கு மேற்கே இருந்த கரட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும், அவ்வளவு சின்னக் கரடு அது. நாலைந்து பனைமர உயரம், மொட்டைப் பாறை, இடுக்கில் வெள்வேல மரங்கள், ஓணான்கள். பெல்ட் வந்து, மில் ஓடத் தொடங்கிய பிறகும் அவள் தினமும் சாயங்காலம் போனாள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் நாச்சிமுத்து, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டே, வேலைப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"தெனமும் கரட்டுக்குப் போறயே, எதுக்கு?"

"சும்மா" என்றாள் பாவாயி.

அவர் கை இலையிலேயே நின்றது. அந்தச் சொல்லை அவர் சின்ன வயசில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார், யார் என்று நினைவில்லை. ஏதூரில் அது வழக்கொழிந்து, கிழிந்த துணி மூலையில் போய்ச் சேர்வதுபோல எங்கேயோ போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தானுங்க மாமா. சும்மா."

கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க ஏன்காரருக்கு வழி கிடையாது. மறைக்கலாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டார். மறைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அவரிடம் இருந்ததெல்லாம் அவள் என் மனைவி என்பது ஒன்றுதான், அது காரணங்களில் சேர்த்தியில்லை. விடிந்ததும் மன்றத்துக்குப் போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு வரும் வழியில் வாய்க்காலில் இறங்கி வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

மன்றத்தின் தலைவர் அர்த்தநாரி. மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு, ஒரு பொய் சொல்லியறியாதவர், ஒரு எறும்பை மிதித்தாலும் ஏன் மிதித்தோம் என்று நின்று யோசிக்கிறவர். அவர் பாவாயியைப் பலகையில் உட்காரச் சொல்லி, தானும் எதிரில் உட்கார்ந்தார். ஊரில் பாதி வந்திருந்தது.

"காத்து வாங்கப் போறீங்களா, அம்மிணி?"

"காத்து வூட்டு வாசல்லயே நல்லா வருதுங்க."

"ஏறி எறங்குனா முழங்காலுக்கு நல்லதுன்னு போறீங்க போல."

"ஏறி எறங்குனா முழங்கால் வலிதானுங்க கூடுது."

"மேல இருந்து பார்த்தா ஊர் பூராத் தெரியும். ஊரைப் பார்க்கறீங்க."

"ஊருக்கு முதுகைக் காட்டித்தானுங்க உக்கார்றேன்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஜீரணத்துக்கு நல்லது என்பதால் யாரும் தடுக்கவில்லை. நாச்சிமுத்து பலகைக்குப் பின்னால் வந்து குனிந்து, "காத்துக்குன்னு சொல்லிரு பாவாயி, முடிஞ்சுபோகும்" என்று முணுமுணுத்தார்.

"இல்லாததை எப்படிங்க சொல்றது?" என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

அர்த்தநாரி இன்னும் பல காரணங்களை எடுத்துக் கொடுத்தார், ஒரு நல்ல துணிக்கடைக்காரர் சேலை சேலையாக விரித்துப் போடுவதுபோல. வேண்டுதலா, ஆடு காணாமல் போனதா, தலைவலியா, மில் சத்தமா. எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, காரணமில்லாத இடத்தில் செலவாகிற அந்தப் பொழுதை மில்லில் செலவழித்தால் இருட்டுவதற்குள் இன்னும் நாலு வீட்டுக்கு மாவு கிடைக்கும், ஆகவே கரட்டுக்கு இனிப் போக வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். பாவாயி தலையாட்டினாள். ஊர்க்கட்டுப்பாட்டை மீறுகிறவள் அல்ல அவள்.

அன்று சாயங்காலம் மில்லில் தலைக்குத் தேய்க்கிற அரப்பு அரைத்துக்கொண்டிருந்தவளிடம் நாச்சிமுத்து வந்து, நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒரு வார்த்தை, காத்துன்னு சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

அவள் மோட்டாரை நிறுத்தினாள். "உங்களைக் கட்டுனதுக்குக் காரணம் இருந்துச்சு. மில்லுக்குக் காரணம் இருக்குது. எங்கய்யன் செத்தப்ப இத்தனை நாழி அழுதா நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்லித்தான் அழுதேன். எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன் மாமா. இது ஒண்ணு எனக்கே தெரியாம இருக்கட்டும். தெரிஞ்சுபோச்சுன்னா பொறவு அங்க போகத் தோணாது."

மோட்டாரை மறுபடி போட்டாள்.

சில நாள் கழித்து, சாப்பாடு முடிந்து ஊர் அரைக்கண் மூடியிருந்த ஒரு மத்தியானத்தில், கரடு தன் இடத்தை விட்டு எழுந்து, பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, தார் ரோட்டின் இடப்பக்கமாக ஊருக்குள் வந்தது. தண்ணிக்குப் போகிற எருமையின் நடை. சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் திரும்பிய பிள்ளைகள் ரோட்டைத் தாண்டும்வரை நின்றது. மில் வீதியின் முனைக்கு வந்ததும், பஸ் கூட்டத்துக்குள் வழி கேட்டு முன்னேறுகிற பருத்த ஆள் வயிற்றை எக்கிக்கொள்வதுபோல இரண்டு பக்கமும் தன்னை இறுக்கிக்கொண்டு, ஒரு ஓடு நொறுங்காமல், ஒரு சுவர் உரசாமல் உள்ளே நுழைந்தது. அரப்புப் பொடி விற்கும் மாராத்தாளின் கொடிக்கயிறு மட்டும் மாட்டிக்கொண்டு, அவளுடைய பச்சைச் சேலையோடு அதன் தோளிலேயே வந்துவிட்டது. மில்லுக்கு எதிரே தானியம் காயப்போடுகிற களத்தில் கரடு உட்கார்ந்தது. உட்கார்ந்தபோது ஒரு பெருமூச்சுபோலப் புழுதி எழும்பி அடங்கியது.

பாவாயி மாவுக் கையோடு வெளியே வந்து பார்த்தாள். "வந்துட்டயா? இரு, மொளகாய் அரைச்சுட்டு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாச்சிமுத்து வேலையில் இருந்தவர், கேட்காமல் இருக்க முடியாது. கரட்டின் முன்னால் போய், துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "ஏனுங்க, எதுக்கு வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். கரடு பதில் சொல்லவில்லை. ஏதூர் வரலாற்றில் ஏன் என்று கேட்டுப் பதில் வராத முதல் நாள் அதுதான். ஓர் ஓணான் மட்டும் தலையை ஆட்டியது, அதையும் அவர் மன்றத்தில் தவறாமல் சொன்னார்.

மன்றம் கூடியது. கரடுகள் நகர்வதில்லை, ஆனால் கரடு இப்போது மில் வீதியில் இருக்கிறது, ஆகவே நகர்ந்தது ஊர் என்று அங்கே தெளிவாக நிறுவப்பட்டது. ஊர் மேற்கே அத்தனை தூரம் போயிருந்தால் மேற்குக் கடைசி வீடுகள் வாய்க்காலைக் கடந்திருக்க வேண்டும் என்பதால், கட்டிலுக்கடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும்படி அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொன்னார்கள், அவர்கள் குனிந்து பார்த்தார்கள், சிலர் ஈரம் இருக்கிறது என்றே சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தின் கம்பம் பிடுங்கப்பட்டு, ஊர் நகர்ந்த கணக்குக்கு ஏற்ப வேறிடத்தில் நடப்பட்டது. பஸ்காரர் மட்டும் பழைய இடத்திலேயே நிறுத்தினார், அவர் வெளியூர்.

ஊர் கரட்டுக்குப் பழகிய விதம்தான் சொல்லத் தகுந்தது. முதலில் மாராத்தாள் தன் சேலையை எடுக்க ஏறினாள். ஏறினவள் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் இறங்கினாள். "எதுக்குங்க இத்தனை நாழி?" என்று நாச்சிமுத்து கேட்டபோது "சீலை காயட்டும்னு" என்றாள். சேலை காலையிலேயே காய்ந்திருந்தது. அடுத்து, பாறைச் சூட்டில் வடகம் சீக்கிரம் காயும் என்று பெண்கள் ஏறினார்கள், வடகத்துக்குக் காவல் என்று அவர்களுடைய புருஷன்மார்கள் ஏறினார்கள், மாவு அரைபடும்வரை நிற்க நிழல் வேண்டும் என்று மில்லுக்கு வந்தவர்களெல்லாம் ஏறினார்கள். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை மூட்டையோடு வந்த வீடுகள், இப்போது ஒரு குண்டான், பிறகு ஒரு டம்ளர், பிறகு ஒரு கைப்பிடி ராகியை முந்தானையில் முடிந்துகொண்டு தினமும் வந்தன. ஒருவர் நேற்று அரைத்த மாவையே திரும்பக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் நைஸாக இருக்கட்டும் என்றார். மறுநாள் அதையே மறுபடியும் கொண்டுவந்தார். பாவாயி எதுவும் கேட்காமல் அரைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் மில்லை நிறுத்திவிட்டு அவளும் களத்தைத் தாண்டி ஏறி உட்கார்ந்தாள். கரட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் தீர்ப்பு, கரடே வந்துவிட்டால் என்ன செய்வது என்று தீர்ப்பில் இல்லை.

கரட்டின் மேல் உட்கார்ந்தவர்கள் பேசினார்கள், பேசாமலும் இருந்தார்கள். ஒருத்தி முடியை அவிழ்த்துப் பின்னினாள், பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினாள். கீழே இறங்கியதும் எல்லாரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. இத்தனை வருஷம் காரணங்களைக் கேட்டே காது பழகிய நாச்சிமுத்துவுக்கு, அவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்று தெரிந்தது. மந்தமான காதுக்கே தெரிந்தது.

அர்த்தநாரிக்கும் தெரிந்தது. அவருக்கு அது உறக்கம் கெடுகிற துக்கமாயிற்று. மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்: "இந்த ஊருல பொய்யே கெடையாது. இப்ப வடகத்துக்குப் பொய், சீலைக்குப் பொய், ஒரு பிடி ராகிக்குப் பொய். பொய் பேசாத ஒரே ஆள் பாவாயி அம்மிணிதான். ஆனா அந்தக் கரடு அவங்களுக்காக வந்தது. அவங்க வெளிய போனா அதுவும் கூடப் போயிரும்." அவளைப் பார்த்துத் திரும்பினார். "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. அதுதான் சிக்கல். தப்பு இருந்தா திருத்தியிருப்போம்."

பாவாயி ஊரை விட்டுப் போவது, நாச்சிமுத்து இருப்பது என்று தீர்ந்தது. மில்லுக்காகச் செய்துவைத்த பொருத்தம், மில் இங்கேயே இருக்கிறது, ஆகவே புருஷனும் மில்லோடு இங்கேயே இருப்பதுதான் சரி. நாச்சிமுத்து எழுந்து ஏதோ சொல்லப்போனார். சொல்ல வந்ததில் காரணம் இருக்கிறதா என்று உள்ளுக்குள் பார்த்தார், காணோம், உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பாவாயி ஒரு குடமும் ஒரு மூட்டையும் எடுத்துக்கொண்டாள். மில்லின் கல்லைத் துடைத்து, பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தாள். "காலைல வெறும் வயித்துல காப்பி குடிக்காதீங்க மாமா" என்றாள். அவர் தலை நிமிரவில்லை. அவள் வீதியில் இறங்கி நடந்தாள். கரடு புழுதியை உதறி எழுந்து, தன்னை இறுக்கிக்கொண்டு, அவள் பின்னால் கிளம்பியது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அவசரமாகக் குதித்து இறங்கினார்கள். மாராத்தாள் இறங்கவில்லை.

ஊர் எல்லையில் அர்த்தநாரி வழியனுப்ப நின்றிருந்தார். வழியனுப்புவது மரியாதை, மரியாதைக்குக் காரணம் உண்டு.

"மாராத்தா, நீங்க எதுக்கு எறங்கல?"

"சீலை..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கையில் சேலையும் இல்லை, வடகமும் இல்லை. மேலே இருந்து அவரைக் குனிந்து பார்த்தாள். "எறங்க மனசில்லீங்க" என்றாள். சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தாள். அது ஜீரணத்துக்கான சிரிப்பு அல்ல.

அப்போதுதான் நாச்சிமுத்து ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. மில் சாவி இன்னும் கையில் இருந்தது. அர்த்தநாரி கைநீட்டி மறித்தார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, எங்க போறீங்க?"

"அவகூட."

"ஏன்?"

வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கேட்ட சொல் முதல்முறையாக அவர் முன்னால் வந்து நின்றது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த பாவாயி நின்றாள், அவள் நின்றதால் கரடும் நின்றது.

"அவ என்ற பொஞ்சாதிங்க."

"அது காரணமாகாது."

"ஆகாட்டிப் போகட்டுங்க" என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டு அவர் அர்த்தநாரியின் நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பாவாயி அவர் காலைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு மூட்டையை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை ஏதூர்க்காரர்கள் இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகத்தான் சொல்வார்கள்: வடகம் காயவைத்தவள் வடகத்தைக் காக்கைக்கு விட்டுவிட்டு வந்தாள், அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தவர் மாவைக் காற்றில் தூவிவிட்டு வந்தார், பள்ளிக்கூட வாத்தியார் பாதிக் கணக்கைப் பலகையில் விட்டுவிட்டு வந்தார், பிள்ளைகள் அவருக்கு முன்னால் வந்தார்கள், பேன் இல்லாத பெண்களெல்லாம் வழியில் பூத்திருந்ததைப் பறித்துத் தலையில் சொருகிக்கொண்டு வந்தார்கள், மேற்குக் கடைசி வீட்டுக்காரர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், ஆடு வந்தது, மாடு வந்தது, மற்ற வீதிகளின் ஏன்காரர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடைசியாக வந்தார்கள், மத்தியானத்துக்குள் ஏதூரில் ஆள் இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை.

அர்த்தநாரி மட்டும் திரும்பி ஊருக்குள் போனார். தீர்ப்புச் சொன்னவர் தீர்ப்போடு இருப்பதுதான் முறை. காலி வீதிகளில் நடந்தார். திறந்து கிடந்த கதவுகளைச் சாத்தினார். ஒரு வீட்டில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தார். மன்றத்தில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த காலிப் பலகையைப் பார்த்தார். வேறு யாரும் இல்லாததால் தன்னையே கேட்டார்: நான் ஏன் இங்கே இருக்கிறேன்? கறாரான ஆள், தனக்கென்று சலுகை காட்டத் தெரியாதவர், ஆகவே வெகுநேரம் நேர்மையாகத் தேடினார்.

வெயில் தாழும் நேரத்தில் அவர் மேற்கே நடந்து வந்தார். கரடு தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. கற்களைக் கூட்டி அடுப்பு வைத்து, பாவாயியின் மூட்டையிலிருந்த ராகியில் கூழ் காய்ச்சி, எல்லாருக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் வழி விட்டார்கள்.

அவர் பாறையில் காலை வைத்துத் தயங்கினார். பிறகு ஏறினார். பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்க நின்று, ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"அங்க இருக்கறதுக்கு ஒரு காரணமும் கெடைக்கலீங்க" என்றார். "அதைத் தேடுனப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டுது. எல்லாத்துக்கும் காரணம் வேணும்னு நம்ம முன்னோர் சொன்னாங்க. அதுக்கு என்ன காரணம்னு நாம கேட்டதே இல்லை. இன்னிக்குத்தான் கேட்டேன். பயந்துபோயிச் சொல்லியிருக்காங்க. வீடு எரிஞ்சவங்க, ஆளைப் பறிகொடுத்தவங்க. பயம் நல்ல காரணம்தானுங்க. ஆனா அந்த பயம் தீர்ந்து ரொம்ப நாளாச்சு. யாரும் நமக்குச் சொல்லல."

"அதனால?" என்று நாச்சிமுத்து வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதனால, பாவாயி அம்மிணி, நான் சொன்ன தீர்ப்பு தப்பு. நீங்க வூட்டுக்கு வாங்க. எல்லாரும் வூட்டுக்குப் போலாம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு, "ஆனா ஒரு நாழி போகட்டும். இப்பத்தான் ஏறியிருக்கேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்தார்.

பாவாயி ஒரு டம்ளர் கூழ் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மேற்கே வானம் முழுக்கச் சிவந்து கிடந்தது. அத்தனை ஆட்களும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஊர் திரும்பியது. அப்படி ஒரு ஊர்வலத்தை அந்த ரோடு பார்த்ததில்லை. கரடு முன்னால் நடந்தது, அதன் உச்சியில் பாவாயியை உட்காரவைத்திருந்தார்கள், பக்கத்தில் நாச்சிமுத்து வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார், அந்த இன்னொரு செருப்பையும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டார். பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது, பஸ்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார், உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள். ஒருத்தி தொடங்கியதும் பெண்கள் கும்மியடித்தார்கள், யாருக்கும் சரியாக நினைவில்லாததால் ஆளுக்கொரு தாளம். நாச்சிமுத்து பாவாயியிடம் குனிந்து ஏதோ சொன்னார், அந்தச் சத்தத்தில் அது என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் அன்று மாவு படாத அவள் முகம் சிவந்ததை ஊரே பார்த்தது.

கரடு அதன் பிறகு தன் இஷ்டத்துக்கு இருந்தது. சில நாள் களத்தில், சில நாள் மேற்கே. ஏன்காரர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். ஏன் அடித்தாய், ஏன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, ஏன் அளவில் குறைத்தாய் என்று கேட்க எந்த ஊரிலும் ஆள் வேண்டும். அவர்கள் அதை முன்பைவிடக் கறாராகக் கேட்டார்கள். வாசலில் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கிறவளை மட்டும் தாண்டிப் போனார்கள்.

அந்த ஊர்வலத்தில் மேளம் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோதுதான் ஊரில் மேளமே இல்லை என்பது தெரிந்தது. காட்டுப் பன்றி விரட்டுகிற தப்பட்டைகள் சில இருந்தன, கரும்புக் காட்டுக் காவல்காரர்களுக்குத் தெரிந்ததும் பன்றி விரட்டுகிற ஒரே அடிதான். அதையே அடித்தார்கள், அதற்கே ஆடினார்கள், அர்த்தநாரிகூடத் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரெண்டு சுற்றுச் சுற்றினார். இன்றைக்கும் ஏதூரில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அந்த அடிதான். அடுத்த தை மாதம், மாராத்தாளின் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட அன்று, பந்தி நடக்கும் நேரத்தில் தப்பட்டை முழங்க, கரும்புக் காட்டுப் பக்கம் பன்றிகள் கூட்டமாக வந்து வேலியோரம் நின்றன. ஓடவில்லை. அடி ஓய்ந்ததும் முகத்தைத் தூக்கிப் பார்த்தன, மறுபடி அடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பதுபோல. காவல்காரர்கள் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, தப்பட்டையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்கள்.